செத்த கப்டன் மீதான வாக்கெடுப்பு

மனித குலத்தின் எதிர்காலம் மட்டக்களப்பில்தான் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று விண்வெளித் தொடர் இரசிகர் மன்றம் உறுதியாக நம்பியது. கல்லடியில் ஒரு ரியூசன் வகுப்பறையில் நடந்த அதன் பொதுக்கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மன்றத்தில் இருப்பதே மூன்று பேர்தான். நாலாவது அங்கத்தவன் நிலோஜன் போன மாரியில் வாவியில் மூழ்கிப்போனான்.

தொடர் இருபத்தாறு வருடமாக ஓடுகிறது. அதில் கப்டன் ஆறு தரம் செத்து, ஆறு தரமும் திரும்பி வந்துவிட்டான். இது தொடரின் பலமா, பலவீனமா என்பதே அன்றைய விவாதம்.

"செத்தவன் வந்தா என்னகா குறை? வரட்டுமே," என்றான் பஸ்லான்.

"அண்டைக்கு வாவியில, தோணியிலயும் இதைத்தானே சொன்னாய்," என்றாள் தலைவர் சுலோஜனா. "மறுத்துப் பேச எழும்பித்தானே நிலோஜன் தண்ணிக்குள்ள விழுந்தவன்."

மூன்றாமவன் றிஸான் அவசரமாக ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, பலமா பலவீனமா என்று ஒரே ஒரு சொல் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னான்.

பெட்டியைத் திறந்தபோது நாலு துண்டுகள் இருந்தன. நாலாவதில் காரணமும் எழுதியிருந்தது. கேட்காமலே காரணம் எழுதுகிறவன் நிலோஜன் மட்டும்தான். கையெழுத்தும் அவனுடையது.

"பலவீனம். திரும்பி வருகிறவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை."

சுலோஜனா நாலு வாக்குகள் என்று கூட்டக் குறிப்பில் பதிந்தாள்.

"மச்சான், நான் சும்மா வாதத்துக்குத்தான்டா சொன்னன்," என்று பஸ்லான் அந்தத் துண்டைப் பார்த்துச் சொன்னான்.

அந்தத் தொடரில் பஸ்லான் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை.