வெள்ளிக்கிழமை தின்ற மீ கோரேங்

"வீரமாகாளியம்மன் மேல சத்தியமா சொல்றேன் மேடம், ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இந்த பாயோட மீ கோரேங்தான் என் மக வயித்தைக் கெடுக்குது!"

ரத்னவேல் மேசையைத் தட்டிய தட்டில் துணை முதல்வர் அனிதாவின் பேனாக்கள் எழுந்து உட்கார்ந்தன. எதிரே, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்த நூருல் அமீனுக்குக் காது சிவந்தது. பதினெட்டு ஆண்டுகளாக சிங்கப்பூர் ஈசூனில் அந்தப் பள்ளி கேன்டீனில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு பிள்ளை ஏப்பம் விட்டதாகக்கூட இதுவரை புகார் இல்லை.

"பிள்ளைக்கு என்ன செய்யுது சார்?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. வயித்துக்குள்ள கடமுடான்னு ஒரு சத்தம். கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி மேல வந்து வாஷிங் மிஷினை ஆஃப் பண்ணச் சொல்லுது லா!"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார் அனிதா.

"ஃபேரர் பார்க்ல பெரிய டாக்டர். ஸ்கேன் எடுத்தாரு, ரத்தம் எடுத்தாரு, ஒண்ணுமில்லைன்னுட்டாரு. வீட்டுலயோ ஸ்கூல்லயோ டென்ஷன் இருந்தா பிள்ளைங்க வயிறு இப்படித்தான் படுத்துமாம். கேட்டீங்களா கதையை! பதினோரு வயசுப் பிள்ளைக்கு என்ன டென்ஷன்? வேலைக்குப் போகுதா? வீட்டு லோன் கட்டுதா? டியூஷன்கூட நாலே நாலுதான்!"

"எப்போ வலிக்குது?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. வாட்ச் வெச்ச மாதிரி."

நூருல் அமீனால் பொறுக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்குக் கடையே கிடையாதே சார்!"

"அதைத்தானே சொல்றேன்! வெள்ளிக்கிழமை தின்னது ஞாயித்துக்கிழமை வேலையைக் காட்டுது. உங்க மீ அவ்வளவு கெட்டி!"

"அல்லாவே!"

"ஜூன் லீவுல எப்படி இருந்தா?" அனிதா இடையில் புகுந்தார்.

"மதுரைக்குப் போயிருந்தோம். பரோட்டா தின்னா, பஜ்ஜி தின்னா, தள்ளுவண்டியில பச்சை, சிவப்புன்னு ஐஸ் தின்னா. ஒரு மாசம், ஒரு வலி கிடையாது. இங்கே வந்து ஸ்கூல் திறந்த முதல் ஞாயித்துக்கிழமையே சுருண்டு படுத்துட்டா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

மதுரைத் தள்ளுவண்டி நல்லது, என் கடை விஷமா? நூருல் அமீனுக்கு நெஞ்சு கொதித்தது. ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து, மிளகாயைக்கூட விதை நீக்கி அரைக்கிற மனிதர் அவர்.

அனிதா அவர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க பாய். எழுத்துல புகார் கொடுத்திருக்கார். லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கடையை மூடி வெக்கணும்."

"ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அம்மாமாருங்க வாட்ஸ்அப்லயே என்னை அடக்கம் பண்ணிடுவாங்க மேடம்! அப்புறம் எவன் வந்து வாங்குவான்?" நூருல் அமீன் எழுந்துவிட்டார். "அரை மணி நேரத்துல முந்நூறு பிள்ளைங்க, எல்லாம் ஒரே யூனிஃபார்ம். எனக்கு முகம் நினைவில்ல. பிள்ளைக்கு என் கடை தெரியுமில்ல? கூப்பிடுங்க. அதுவே வந்து சொல்லட்டும், மூடிட்டுப் போறேன்."

"தாராளமா கூப்பிடுங்க!" என்றார் ரத்னவேல். "ரெசஸ் பிரேக்ல என்ன சாப்பிட்டேன்னு கேட்டா, தினமும் 'மீ'ன்னுதான் சொல்லுவா. என் மக பொய் சொல்ல மாட்டா."

வகுப்பிலிருந்து ரக்ஷனா வந்தாள். மெலிந்த பெண். அப்பாவைக் கண்டதும் கை தானாக வயிற்றுக்குப் போனது. நால்வரும் காலியாகக் கிடந்த கேன்டீனுக்கு இறங்கினார்கள்.

"ஆறு கடை இருக்கும்மா," என்றார் நூருல் அமீன். குரலில் கோபம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். "நீ தினமும் மீ வாங்குற கடை எது? காட்டு."

ரக்ஷனா ஆறு கடைகளையும் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு விரலை மெல்ல நீட்டினாள்.

"அது ஜூஸ் கடைம்மா."

"பாத்தீங்களா, குழந்தையை மிரட்டுறீங்க!" ரத்னவேல் பாய்ந்தார்.

"மிரட்டுறது நானா? உங்க கண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க சார்!"

அனிதா குனிந்து அவள் தோளைத் தொட்டார். "ரக்ஷனா, ரெசஸ்ல நீ எங்கேம்மா இருப்பே?"

"லைப்ரரி படிக்கட்டுல, மேடம்."

இடைவேளை அரை மணிக்கென்று அப்பா தினமும் பையில் வைத்தனுப்பும் கணக்குத் தாளை அங்கே உட்கார்ந்து போட்டு முடிப்பதற்கே நேரம் போதாததால், இந்த ஆண்டு ரக்ஷனா கேன்டீனுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.