தாடிக்காரர்

"இந்தத் தாடிக்காரனையா வரையிற எல்ஸி? கம்யூனிஸ்ட் தலைவன் மாதிரியே இருக்கான்லா! போலீஸ் பார்த்தா அள்ளிக்கிட்டுப் போயிரும்," என்றான் லூமுட்டிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் கஸ்பார்.

"பழைய ஐரோப்பிய ஓவியத்துல உள்ள கிழவர்ண்ணே. பார்த்து வரைஞ்சு பழகுறேன்."

"அதை லாக்கப்புல போய்ச் சொல்லு."

கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த சுங்கை சிப்புட்டில் அப்படி அள்ளிக்கொண்டு போனவர்களை எல்ஸிக்குத் தெரியும். போன மாதமே காய்ந்துவிட்ட தாடியின் மேல் தோல்நிறச் சாயத்தை அப்பினாள்.

மறுநாள் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் லியோனார்ட் நேராகப் படத்தருகே போய்த் தாடையைத் தொட்டார். ஈரச் சாயம் விரலோடு வர, கீழே தாடி எட்டிப் பார்த்தது.

"எதுக்கும்மா மறைச்ச?"

எல்ஸி தூரிகையைக் கீழே வைத்தாள்.

அவர் ஜீப்பிலிருந்து துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து வந்து பிரித்தார். அதே கிழவர், பாதி முடிந்து, தாடியில்லாமல்.

"நீயும் இதே படத்தைத்தான் வரையிறேன்னு ஈப்போவுல படச்சாயம் விக்கிற கடையில சொன்னாங்க. எனக்குத் தாடி மட்டும் வரவே மாட்டேங்குது. எப்படிப் போட்டேன்னு காட்டுறியா?"

எல்ஸி டர்பன்டைனில் நனைத்த துணியால் ஈரச் சாயத்தை மெல்லத் துடைத்தாள். தாடி அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் இதை வரையிறதை ஸ்டேஷன்ல மட்டும் சொல்லிராதம்மா. எங்க பெரிய அதிகாரி பார்த்தா, இது யாரு படம்னு கேப்பாரு."