பாலத்துக்குப் போகாதவள்

விளையாடுபவன் சுட்டியை அழுத்தியதும் கணினித் திரைக்குள் அரசர் கத்தினார்: "கொற்றி, பாலத்துல போய் நில்லு!"

ஈட்டிக்காரி கொற்றிக்குத் தெரியும், இரை வைக்கும் கட்டம் அது. பூதங்கள் அவளைக் குதறும் நேரத்தில் அரசர் கோட்டைக்குள் படை திரட்டிக்கொள்வார். ஆட்டம் தோற்றால் விளையாடுபவன் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவான். அவள் மறுபடி சாவாள். இந்தமுறை ஈட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"பயமா?" என்றார் அரசர்.

"செத்துச் செத்து எனக்குப் பயம் விட்டுப்போச்சு. நீங்கதான் இன்னும் கோட்டைய விட்டு இறங்கலை."

எவரும் நிரலைப் பிரித்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்ட ஆட்டம் அது. அவள் ஏன் நகரவில்லை என்று விளையாடுபவன் நிரலைத் திறந்து வரி வரியாகத் தேடினான்; பிழை எங்குமில்லை. கடைசியில் சுட்டியை அரசர்மேல் வைத்து அழுத்தினான்.

கொற்றி மரியாதையாக ஒதுங்கி, பாலத்துக்கு வழிவிட்டாள்.