இன்னும் ஒண்ணு பாக்கி

பெரிய லென்ஸைக் கம்பளித் துண்டில் சுற்றி, துணி துவைக்கும் மெஷினுக்குள் தள்ளி மூடிய பிறகுதான் கைரொல்லா வாசல் கதவைத் திறந்தார். அழைப்பு மணி அதற்குள் நாலைந்து தரம் அலறிவிட்டது.

வெளியே அக்கா மகன் தௌரென் நின்றான். பனி கொட்டும் தெருவில் அவன் கார் உறுமிக்கொண்டிருந்தது. வாரிக்கொண்டு ஓடத் தோதாக வண்டியை அணைக்காமலே வந்திருக்கிறான் பார் என்று கைரொல்லாவுக்கு வயிறு எரிந்தது.

"வாங்க மருமகனே. இந்த வாசப்படி இன்னும் ஞாபகம் இருக்கா?"

"மறக்கத்தான் பார்த்தேன் மாமா. முடியலை."

கஜகஸ்தானில், எங்கள் அல்மாத்தி நகரத்தில் தாய்மாமனாகப் பிறந்தவன் தலையெழுத்து இது. சகோதரி மகன் ஆயுளில் மூன்று தடவை எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. தௌரென் சின்ன வயதில் வெள்ளிப்பூண் போட்ட சேணத்தைக் கேட்டு வாங்கினான். மீசை முளைத்ததும் பந்தயக் குதிரைக்குட்டியைக் கேட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

குட்டி போன அன்று கைரொல்லாவின் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளையா வளர்த்திருக்கே, வழிப்பறிக்காரனை வளர்த்திருக்கே" என்று அக்கா குல்யாஷை ஊர் கேட்கத் திட்டிவிட்டார். புருஷனை இழந்தவள், அதோடு தம்பி முகத்தில் விழிப்பதையும் விட்டாள்.

இந்தச் சனிக்கிழமை தௌரெனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் வந்தது, அக்கா வரவில்லை. அவளுக்கே அவ்வளவு ரோஷமா என்று இவரும் அதே வாரத்துக்கு இலங்கைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். சிறுத்தை படம் பிடிக்கப் போகிறாராம். சாயங்காலம் விமானம்.

மேஜை முழுக்கக் கேமரா, ட்ரைபாட், மழை உறை, இரண்டு சின்ன லென்ஸ். தௌரென் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"இந்தக் கட்டை லென்ஸை வச்சா சிறுத்தை பிடிக்கப் போறீங்க? படத்துல எறும்பு மாதிரி தெரியும். பெரிசு எங்கே?"

"வித்துட்டேன்."

"அப்படியா. கை கழுவிட்டு வரேன்."

அவன் குளியலறைக்குள் போனதும் கைரொல்லாவுக்கு உயிரே இல்லை. மெஷின் அங்கேதான் இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்கவும் முடியவில்லை.

துடைத்த கையோடு வந்தவன் கேட்டான். "இன்னிக்குத் துவைக்கலையா அத்தை?"

"கரண்ட் இல்லப்பா" என்றாள் மாமன் மனைவி ரவுஷான். அவள் தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

தௌரென் விளக்கை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். அவள் நீட்டிய பால் தேநீரை நின்றபடியே ஒரு மடக்கு குடித்தான்.

"கூட்டமா நிக்கறவங்க அத்தனை பேரும் ஒரே படத்துல விழணும்னா எந்த லென்ஸ் மாமா?"

"இதோ, இந்த அகல லென்ஸ். அருமையான லென்ஸ். நீ கேட்டா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்?" மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று கைரொல்லா மனசுக்குள் துள்ளினார்.

அவனோ அந்த லென்ஸை எடுத்து, கேமராவோடு சேர்த்து மாமனின் பையிலேயே வைத்தான். பிறகு ட்ரைபாடை ஒதுக்கினான். மழை உறையை ஒதுக்கினான். "இது வேணாம். இதுவும் வேணாம்."

"என் பையில கை வைக்க நீ யாருடா?"

"அக்கா மகன்."

"ஒண்ணு விட்டேன்னா தெரியும்."

"விடுங்க. அக்கா மகனை அடிச்ச கை நடுங்கும்பாங்க. நடுங்கற கையால சிறுத்தையை எப்படிப் பிடிப்பீங்கன்னு நானும் பாக்கறேன்."

கைரொல்லா ஓங்கிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். ஆத்திரத்தில் காது மடல் சிவந்துபோயிற்று.

"எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாமா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"தெரியும்டா. விமானம் ஏறப் போற நேரம் பார்த்து வருவேன்னு தெரியும். சேணம் போச்சு, குதிரை போச்சு. இந்த ஒரு லென்ஸ்தான் எனக்குன்னு இருந்தது. அதையும் கேட்டுத் தொலை. இதோட உன் குடும்பத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

"பெரிய லென்ஸ் மெஷினுக்குள்ளயே இருக்கட்டும். கல்யாணக் கூட்டத்துக்கு அது ஆகாது."

தௌரென் கேமராப் பையைத் தோளில் மாட்டினான். வாசல் ஆணியில் தொங்கிய மாமனின் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, கை நுழைக்கத் தோதாக விரித்துப் பிடித்தான்.

கைரொல்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப கேமராவா? கேமராவையே கேக்கறியா?"

"நீங்கதான் வேணும் மாமா. கோட்டை மாட்டிக்கிட்டுச் சீக்கிரம் வாங்க, வண்டியில அம்மா உக்காந்திருக்கா."