மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது.

அதற்கு முன்பே அவள் முகம் கழுவி, தலை சீவி, தெருவில் திரிகிற கழுதைகள் தள்ளித் திறக்காதபடி கேற்றைக் கட்டிவிட்டு, கதிரையில் வந்து இருந்துவிட்டாள். போனில் முகம் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிற விருந்தாளியை வேறு எப்படி வரவேற்பதாம்?

எடித் அன்ரி எப்படிச் சுகம் என்று கேட்டாள் இர்ஷானா. கொழும்பில் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவர்களின் ஆள். புது மாத்திரை குடித்தவர்களிடம் விசாரித்து எழுதுவது அவள் வேலை.

சாப்பாடு இறங்குகிறதா? தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பது எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு. நித்திரை? விடியப்புறம் கொஞ்சம். கை வீக்கம்? இல்லவே இல்லை. முழங்கால்தான் உயிரை எடுக்கிறது என்றாள். அதையும் விடாமல் எழுதினாள் இர்ஷானா.

மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும் அவளுடைய முழங்காலைப் பற்றி விசாரிக்க வேறொரு சீவன் கிடையாது.

இன்றைக்கு அந்தப் பிள்ளையின் குரலில் ஒரே சந்தோஷம். நோய் எலும்புவரை பரவியவர்களில் எடித் அன்ரிதான் அதிக நாள் தாக்குப்பிடித்திருக்கிறாவாம். இன்னும் ஐந்து வருடம் இப்படியே போன் எடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஐந்து வருடம். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

முருங்கனில் முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி இருக்கிறாள், இப்போது குடிக்கிற மருந்தை நிறுத்திவிட்டு இந்தப் புது மாத்திரையையே கொடுக்கப் போகிறார்கள், அன்ரியின் பதில்களை நம்பித்தான் என்றும் இர்ஷானா சொன்னாள்.

வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு இன்னும் ஐந்து வருடம். திறந்தால் இதுதான் கடைசி அழைப்பு. சும்மா இருந்துவிடு என்று மனம் கெஞ்சியது.

"பிள்ளை, எழுதினதெல்லாத்தையும் வெட்டுங்கோ. எடித் போன வருசமே செத்துப்போயிட்டா, நான் அவவின்ர தமக்கை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு நீங்கள் அவவின்ர போனுக்கு எடுத்து, சாப்பிட்டியளோ எண்டு கேட்டனீங்கள். நான் ஓம் எண்டிட்டன்."

ஏசட்டும் என்று அவள் போனைக் காதோடு வைத்தபடியே இருந்தாள்.

எடித் இறந்த திகதியை இர்ஷானா கேட்டாள். அவள் சொன்னாள். படிவத்தில் கேட்க வேறொன்றும் இல்லை. ஆனாலும் இர்ஷானா போனை வைக்கவில்லை.

"உங்கட பேர் என்ன, அன்ரி?"