ஆபத்துக்கு ஒரு துப்பாக்கி

"ஒன்பது எம்.எம். தோட்டாதான் வேணும் சார். கைத்துப்பாக்கிக்குப் போடுற அதே தோட்டா. ஆனா துப்பாக்கி நீளமா இருக்கணும், தோள்ல வச்சுச் சுடுற மாதிரி" என்றபடி ரங்கநாதன் தன் நாலு பக்கக் குறிப்பைக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். அட்டவணை, அம்புக்குறி, மூன்று நிற மை.

ஆக்லாந்தின் தெற்குக் கோடியில், பாபகூராவில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில் தியாகலிங்கம் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மான் சுடுகிறவர்கள், முயல் தொல்லை தாங்காத தோட்டக்காரர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒரு தமிழர்கூட வந்ததில்லை. இன்று நகருக்குள் இருக்கும் த்ரீ கிங்ஸிலிருந்து கணவனும் மனைவியுமாக வந்திருக்கிறார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"கார்பைன் எண்டு சொல்லுவினம் அண்ணை. உதைப்புக் குறைவு, தூக்கவும் சுகம். ஆனால் நீங்கள் எழுதி வைச்சிருக்கிற மாதிரி தானாய்க் குண்டேறிச் சுடுறது இஞ்சை தடை" என்று சொல்லி, கண்ணாடிக்குள் இருந்த வேறொன்றைக் காட்டினார். "இது த்ரீ ஃபிஃப்டி செவன். கீழை இருக்கிற வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த குண்டு ஏறும். தேர்ட்டி எயிட் குண்டும் இதுக்குள்ளை போகும்."

"ரெண்டும் போகுமா? பிரமாதம் சார்! ஆபத்துக் காலத்துல ஒண்ணு கிடைக்கலைன்னா இன்னொண்ணு." ரங்கநாதன் ஒன்பதை அடித்துவிட்டுப் புதிதாக ஒரு வட்டம் போட்டார்.

"ரவை எவ்வளவு வேணும்?"

"ரவையா? அது வீட்ல பத்து கிலோ இருக்கு சார். கோதுமை ரவை தனியா அஞ்சு கிலோ."

தியாகலிங்கம் அலுமாரியில் இருந்த பெட்டிகளைக் காட்டினார். "நான் கேட்டது துவக்குக்குப் போடுற ரவை."

"ஓ, தோட்டாவா! ஒரு ஆயிரம் குடுங்க, போதும்."

சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கநாதனின் மனைவி சுந்தரி கொட்டாவி விட்டாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நர்ஸ் உடுப்போடு அப்படியே வந்திருந்தாள்.

"ஆயிரமோ! மான் வேட்டைக்குப் போறவை இருவது ரவைப் பெட்டி ரெண்டை வருசம் முழுக்க வைச்சிருப்பினம். இவ்வளவையும் எங்கை வைப்பியள்?"

"ஊறுகாய்க்குப் பக்கத்துல ஒரு தட்டு காலியா இருக்கு."

"எதைச் சுடப்போறியள் அண்ணை?"

ரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஆக்லாந்து எதுமேல உட்கார்ந்திருக்கு சொல்லுங்க? ஐம்பது எரிமலைமேல. ஒண்ணு வெடிச்சாப் போதும். கப்பல் வராது, கரண்ட் இருக்காது. எங்க வீட்ல ஒரு வருஷத்துக்கு அரிசி, பருப்பு, புளி எல்லாம் ரெடி. விஷயம் தெரிஞ்சா தெருவே வாசல்ல வந்து நிக்கும். அப்ப நீங்கன்னா என்ன செய்வீங்க?"

"சோறு போடுவன்."

"போட்டுட்டு?"

"நானும் இருந்து சாப்பிடுவன்."

ரங்கநாதன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆளுக்காள் துவக்கு தூக்கிய ஊரிலிருந்து ஒரு பிடி சோறு கிடைக்காமல் ஓடி வந்தவர் தியாகலிங்கம். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் போக, ஆளைச் சுடுவேன் என்கிறவருக்கு ஒற்றை ரவையை விற்றாலும் வேலை போய்விடும். தேடி வந்த முதல் தமிழரை மனம் நோகாமல் எப்படி அனுப்புவது என்று யோசித்தபடி கண்ணாடி அலுமாரியை மெல்லச் சாத்தினார்.

"தங்கச்சி, நீங்களாவது இவருக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லக்கூடாதோ?"

"அவர் பேசி முடிக்கட்டும்ணே" என்று சிரித்தாள் சுந்தரி.

பாவம், இந்த மனுசனோடு வீட்டில் எப்படி நடுங்கிக்கொண்டு இருக்கிறாளோ என்று தியாகலிங்கத்தின் மனம் இளகியது. இனிமேல் கதைத்துப் பயனில்லை.

"சரி அண்ணை, உங்கட லைசென்ஸை ஒருக்காக் காட்டுங்கோ."

ரங்கநாதன் குறிப்பை மெதுவாக மடித்தார். "என்கிட்ட இல்ல சார். விண்ணப்பத்துல 'காரணம்'னு சின்னதா ஒரு கட்டம் விட்டிருந்தாங்க. நான் ஆறு பக்கம் எழுதி இணைச்சேன். போலீஸ்லேர்ந்து ஒரு அம்மா வீட்டுக்கே வந்து விசாரிச்சாங்க. அந்த அம்மாகிட்டயும் எரிமலையிலேர்ந்து ஆரம்பிச்சுத் தெளிவாச் சொன்னேன். டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. அடுத்த மாசமே, குடுக்க முடியாதுன்னு கடிதம் வந்துடுச்சு."

தியாகலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நான் ஒண்டும் செய்யேலாது அண்ணை. குறை நினையாதேங்கோ" என்று வாசல்வரை கொண்டுபோய் விட மேசையைச் சுற்றி வந்தார்.

ரங்கநாதன் வாசலுக்குப் போகவில்லை. ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த சுந்தரி, கைப்பையைத் துழாவித் தன் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"த்ரீ நாட் எயிட் தோட்டா ரெண்டு பெட்டி குடுங்கண்ணே, சனிக்கிழமை எங்க வார்டு நர்ஸுங்கல்லாம் மான் வேட்டைக்குப் போறோம்" என்றாள். "இவர் கேட்டது எதுவும் வேணாம், வீட்ல என்னோட மூணு துப்பாக்கியை வச்சுப் பூட்டின பெட்டிச் சாவியையே இவர் கண்ணுல படாம எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கேன்."