இரண்டாவது சாவி

"சாயங்காலமானா கார் தானாத் திறந்துக்குது தம்பி. திருட்டுப் பசங்க வேலையா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பாதி கார்க்காரர்கள் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

"சாவி வீட்டுக்குள்ள இருந்தாலும் அதோட சிக்னலைக் கருவி வச்சு வெளியே இழுத்துடுவானுங்க அக்கா. தகர டப்பாவில போட்டு மூடிடுங்க. சிக்னல் வெளியே வராது."

அவள் சாவியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாள். மறுநிமிடமே வாசலில் நின்ற கார் 'கிளிக்' என்று திறந்து, விளக்கைச் சிமிட்டியது.

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு சாவி இருக்கா?"

"என் வீட்டுக்காரர்கிட்ட. சட்டைப் பாக்கெட்ல போட்டா வெளியே எடுக்கவே மாட்டார். ஆள் நல்ல உயரம். அந்தச் சாவி கிட்ட வந்தாலே டிரைவர் சீட்டு தானாப் பின்னால போற மாதிரி பண்ணி வச்சிருக்கார்."

"அப்ப அதான் விஷயம். சாரைக் கூப்பிடுங்க, அதையும் டப்பாவில போட்டுடலாம்."

அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"பாக்கெட்ல சாவி இருக்கிற ஞாபகமே எங்களுக்கு அப்புறம்தான் வந்துச்சு தம்பி. அதுக்குள்ள குழியை மூடிட்டாங்க."

மெக்கானிக் காரைத் திரும்பிப் பார்த்தான். ஆளில்லாத டிரைவர் சீட்டு, நீளக் கால்களுக்கு இடம் விட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.